வேரின் சொல் கேட்கும் இலை

மாசி பிறந்துவிட்டால் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையின் நிறம் மாறத் தொடங்கும். அடிவாரச் சரிவுகளில் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கும். கொட்டகுடி ஆற்றில் நீர் மெலிந்து பாறைகள் வெளியே தெரியும். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் போடிமெட்டைத் தாண்டினால், மறுபக்கத்தில் பச்சை இன்னும் மிச்சம் இருக்கும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காடு நீண்டு செல்லும். உயரே பலாவும் சந்தன வேம்பும் நிழல் விரிக்க, கீழே ஆளுயரத்தைத் தாண்டிய ஏலச்செடிகள் தட்டை தட்டையாய்ப் புதர்கட்டி நிற்கும்.

அந்தப் பச்சைக்கும் கோடை உண்டு. ஏலச்செடியின் வேர் ஆழம் போகாதது. இலைமக்கு நிறைந்த மேல்மண்ணில், ஓரிரு சாண் ஆழத்துக்குள் பரவி வாழ்வது. மேல்மண் காய்ந்தால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பங்குனி வெயிலில் செடியைப் பார்த்ததுமே, "செடி சோந்து நிக்குது" என்பார்கள். மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டியதில்லை. இலை அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. மண்ணின் வறட்சியை இலைக்குச் சொன்னது யார்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனபோதுதான், அடக்கம் என்று நாம் ஓயாமல் பேசும் பண்பை அதுவரை பாராத ஒரு பக்கத்திலிருந்து என்னால் பார்க்க முடிந்தது.

இலையின் மேனியில், பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணற்று இருக்கின்றன. ஒவ்வொரு துளையின் இரு மருங்கிலும் சற்றே வளைந்த இரண்டு செல்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. இவை காப்புச் செல்கள். இரண்டும் நீரை ஏற்று விம்மும்போது வளைந்து விலகி, நடுவே வழி திறக்கிறது. நீரை விட்டுத் தளரும்போது ஒன்றை ஒன்று நெருங்கி, வழி அடைபடுகிறது. எல்லாத் துளைகளும் விரியத் திறந்தாலும் அவை இலைப்பரப்பில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான். ஆனால் செடி வெளிவிடும் நீரில் மிகப் பெரும்பகுதி அவ்வழியே போகிறது. நிலத்துத் தாவரங்கள் இந்த ஏற்பாட்டை 40 கோடி ஆண்டுகளாகக் கைக்கொண்டு வருகின்றன.

செடி ஏன் திறக்க வேண்டும்? உணவுக்காக. காற்றிலுள்ள கரியமில வாயு அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே வர முடியும். ஆனால் ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடுகின்றன. வேர் உறிஞ்சிய நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படி ஆவியாகிவிடுகிறது. செடியின் உடலில் தங்குவது மிகச் சொற்பம். வாழ வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறந்தால் இழக்க வேண்டும். இந்த நிபந்தனையிலிருந்து எந்தச் செடிக்கும் விலக்கு இல்லை. கண், காது, வாய் என்று வாசல்களோடு பிறந்த நமக்கும் விலக்கு இல்லை. பார்க்காமல் அறிவில்லை, பேசாமல் உறவில்லை, ஆசைப்படாமல் உழைப்பில்லை. இவை ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து ஏதோ ஒன்று செலவாகிக்கொண்டே இருக்கிறது. மௌனமும் உபவாசமும் நோன்பும் நம் மரபில் தோன்றியது அந்தச் செலவை உணர்ந்தவர்களால்தான்.

ஆனால் நோன்பு என்றதும் மனம் ஒரு தனி வீரனைக் கற்பனை செய்துகொள்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் மனவலிமையால் வாசலைச் சாத்துபவன். என் அடக்கம், என் சாதனை. இலை அடங்கும் விதம் இப்படி இல்லை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரடெரிக் அடிகாட்டும் அவருடைய குழுவினரும் பருத்திச் செடியில் இளங்காய்கள் ஏன் உதிர்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் வேல்ஸ் நாட்டில் பிலிப் வேரிங் என்பவர் மரத்தின் மொட்டுகள் குளிர்காலத்தில் எப்படி உறங்குகின்றன என்று ஆராய்ந்தார். இருவரும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே பொருளில் கை வைத்தார்கள் என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 1967இல் அதற்கு அப்சிசிக் அமிலம் என்று ஒரே பெயர் நிலைத்தது. 1969இல் இங்கிலாந்தில் ரைட், ஹைரன் என்ற இருவர், வாடவிட்ட கோதுமை இலையில் இந்த அமிலம் சில மணி நேரத்தில் பல மடங்கு பெருகுவதைக் கண்டார்கள். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அதை இலைக்குக் கொடுத்துப் பார்த்தபோது துளைகள் மூடிக்கொண்டன. வறட்சிக் காலத்தில் செடிக்குள் இறங்கிப் பேசும் குரல் எது என்பது அப்போது தெளிவாயிற்று. விதையை மழைவரை உறங்க வைப்பதும் இதே அமிலம்தான்.

இந்த அமிலம் எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமிக் குடும்பம் எல்லாப் பச்சை இலைகளிலும் இருக்கிறது. கடும் வெளிச்சத்திலிருந்து இலையைக் காப்பது அதன் பணிகளில் ஒன்று. வறட்சி வரும்போது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, 40 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு ஒன்றைச் செடி வெட்டி, 15 அணுக்கள் கொண்ட துண்டிலிருந்து அப்சிசிக் அமிலத்தைச் சமைத்துக்கொள்கிறது. நல்ல நாளில் வெளிச்சத்தோடு உறவாடிய பொருளே கெட்ட நாளில் காவலாகிறது. வெளியிலிருந்து எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

காப்புச் செல்லுக்குள் இந்த அமிலம் என்ன செய்கிறது என்பது வெகுகாலம் முழுதாகப் புரியவில்லை. 2009இல் கலிபோர்னியாவில் ஷான் கட்லரின் குழுவும் ஜெர்மனியில் எர்வின் கிரில்லின் குழுவும் அமிலத்தை ஏற்றுக்கொள்ளும் புரதங்களைத் தனித்தனியே கண்டுபிடித்தன. ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் ஏ.எஸ்.ராகவேந்திராவும் கிரில்லும் வேறு சிலரும் சேர்ந்து 2010இல் இந்தச் செய்திச் சங்கிலியைத் தொகுத்து எழுதினார்கள். துளையை மூடும் வேலையைத் தொடங்கிவைக்கும் நொதி ஒன்று செல்லுக்குள் எப்போதுமே இருக்கிறது. ஆனால் இன்னொரு நொதி அதை எழவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. அமிலம் வந்து ஏற்புப் புரதத்தில் அமர்ந்ததும், அந்தப் புரதம் போய் அமுக்கி வைத்திருந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. தடை விலகியதும் முதல் நொதி விழித்தெழுகிறது. செல்லின் சவ்வில் வாயில்கள் திறக்கின்றன. குளோரைடும் மாலேட்டும் வெளியேற, பொட்டாசியம் பின்தொடர, அவற்றின் பின்னே நீரும் போகிறது. செல்கள் தளர்கின்றன; துளை மூடுகிறது. எல்லாம் சில நிமிடங்களில்.

அமிலம் எதையும் தள்ளி மூடவில்லை. மூடும் ஆற்றல் முன்பே அங்கே இருந்தது. மறைத்திருந்த தடை மட்டுமே நீங்கியது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானது. உயிருக்கு அறிவு புதிதாகக் கொடுக்கப்படுவதில்லை. ஆணவ மலம் அதை மறைத்திருக்கிறது, அருள் அந்த மறைப்பை விலக்குகிறது என்பது அந்த நெறியின் அடிப்படை. செடியின் வேதியியல் நம் சமயத்தை மெய்ப்பிக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டுக்குமே மரியாதை ஆகாது. ஆனால் தியானத்தில் உட்காரும்போது நான் சாந்தத்தைத் தயாரிக்க முயல்வதை இது நிறுத்தியிருக்கிறது. சாந்தம் இருக்கிறது. அதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே என் வேலை.

இப்போது பழைய கேள்விக்கு வருகிறேன். இலைக்கு யார் சொன்னார்கள்?

1985இல் இங்கிலாந்தில் பிளாக்மன், டேவிஸ் என்ற இருவர் மக்காச்சோளச் செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டிகளில் வளர்த்தார்கள். ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், மற்றதைக் காயவிட்டார்கள். தண்ணீர் உள்ள பாதி, இலைக்கு வேண்டியதை ஏற்றிக் கொடுத்தது. இலையில் நீர் குறையவே இல்லை. இருந்தும் துளைகள் சுருங்கின. 1990இல் ஆப்பிள் கன்றுகளில் இதே போன்ற சோதனை நடந்தது. பாதி வேர் காய்ந்ததும் இலைகளின் வளர்ச்சி மந்தமானது. காய்ந்த வேரை வெட்டி எறிந்ததும், புதிதாக ஒரு சொட்டு நீர் கூடாமலே, வளர்ச்சி மீண்டது. வேர் அனுப்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு சொல் நின்றுபோனதுதான் காரணம்.

இதை முதலில் படித்த நாளில் மேற்கொண்டு படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். இலைக்குத் தாகம் இல்லை. அது வெயிலில், உயரத்தில், நிறைவாக இருக்கிறது. கீழே இருட்டில், அது ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு வேர்நுனிக்குத் தாகம். அந்தத் தாகத்தின் பொருட்டு இலை தன் உணவைக் குறைத்துக்கொள்கிறது. தனக்குப் பற்றாக்குறை வந்தபின் சிக்கனமாயிருப்பது யாருக்கும் இயலும், அது நிர்ப்பந்தம். தன்னிடம் இருக்கும்போதே, இல்லாத இடத்திலிருந்து வந்த சொல்லுக்குச் செவிகொடுத்துக் குறைத்துக்கொள்வதை என்னவென்று அழைப்பது? அதை நான் நோன்பு என்று அழைக்கிறேன்.

முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்கில் பாய்கிறது. அங்கே தலைமடைக்காரர், கடைமடைக்காரர் என்ற பேச்சு எல்லா விவசாயிகளின் வாயிலும் உண்டு. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்கு நீர் எப்போதும் முதலில் வரும். கடைசியில் இருப்பவரின் வயல் வெடிப்பது அவர் கண்ணில் படாது. கடைமடையிலிருந்து ஒருவர் வந்து சொல்ல, தலைமடைக்காரர் தன் மடையைக் கொஞ்சம் தாழ்த்துகிறார் என்றால், அந்த வாய்க்காலில் எல்லாரும் பிழைப்பார்கள். இலை செய்வது அதுதான்.

சரி, வேரின் சொல் எது? அப்சிசிக் அமிலமே வேரில் உண்டாகி மேலே ஏறி வருகிறது என்று நெடுநாள் எண்ணினார்கள். ஒட்டு மாங்கன்று அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும் சோதனை ஒன்று அந்த எண்ணத்தைத் திருத்தியது. அமிலத்தைப் போதிய அளவில் உண்டாக்க இயலாத தக்காளி வகையை வேராக வைத்து, இயல்பான தக்காளியை அதன்மேல் ஒட்டுக் கட்டினார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், மண் காய்ந்தபோது மேலிருந்த இலைகள் வழக்கம்போலத் துளையை மூடிக்கொண்டன. வேரிலிருந்து அமிலம் வர வேண்டிய அவசியம் இல்லை. இலையே அதை ஆக்கிக்கொள்கிறது. பிறகு 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில், சிஎல்இ25 என்ற மிகச் சிறிய புரதத் துணுக்கைக் கண்டார்கள். வறட்சியில் வேர் அதை உண்டாக்கி அனுப்புகிறது. அது இலையை அடைந்து, அங்கே அமிலம் உண்டாவதைத் தூண்டுகிறது.

வேர் அனுப்புவது செய்தியை மட்டும். அடக்கத்தை அனுப்ப அதனால் ஆகாது. அதை இலைதான் தனக்குள் விளைவிக்க வேண்டும். ஞான மரபில் குருவின் இடம் இதுவே. அவர் தருவது ஒரு சொல். சில சமயம் ஒரு பார்வை. மாணவனின் பக்குவத்தை அவர் மாணவனுக்காக ஆக்கித்தர முடியாது. காதில் விழுந்த உபதேசம் உள்ளே போய் வேறொன்றாகச் சமைக்கப்படவில்லை என்றால் அது காதோடு நின்றுவிடும். ஆயிரம் சொற்பொழிவு கேட்டவர்களுக்கும் ஒரே ஒரு வாக்கியத்தில் மாறிப்போனவர்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

கேட்கத் தெரியாத செடியும் உண்டு. ஃபிளாக்கா என்று ஒரு தக்காளி வகை. அதற்கு அப்சிசிக் அமிலத்தை ஆக்கும் திறன் குறைவு. ஆகவே அதன் துளைகளுக்கு மூடத் தெரியாது. வாசல்கள் விரியத் திறந்தே கிடக்கும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் சாதாரண வெயிலில் அந்தச் செடி துவண்டு போகும். கொட்டிக்கொண்டே இருக்கும் வாசல் உள்ளவனுக்கு எவ்வளவு ஊற்றினாலும் போதாது. 1970இல் வெளியான ஆய்வில், அந்தச் செடிக்கு அமிலத்தைத் தொடர்ந்து தெளித்தபோது அது நிமிர்ந்து நின்றது. நாள் முழுதும் பார்த்து, கேட்டு, பேசி, வாங்கி, இரவில் காரணம் தெரியாமல் வாடிக் கிடக்கும் நம் மனத்துக்கு எது குறைகிறது என்று அந்தத் தக்காளி சொல்கிறது. இன்னும் ஒரு குடம் ஊற்றுவது அதற்கு மருந்து ஆகாது.

ஆனால் மூடுவதற்கும் விலை உண்டு. துளை மூடினால் கரியமில வாயு வராது, இலை பசித்திருக்கும். ஆவியாகும் நீர் இலையைக் குளிர்வித்து வந்தது; அது நின்றால் இலை சூடேறும். நோன்பு நோற்பவரின் முகத்தில் எப்போதும் புன்னகைதான் இருக்கும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அடக்கம் வலிக்கும். அந்த வலிக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. 2024 கோடையில் இந்த ஏலக்காடுகள் உள்ள இடுக்கி மலைகளில் வெயிலும் வறட்சியும் நீடித்தபோது ஏலத்தோட்டங்கள் பரவலாகக் காய்ந்து கருகின. அந்தச் செடிகள் அடங்கத் தெரியாதவை அல்ல. துளைகளை அடைத்துக்கொண்டு பசியோடும் சூட்டோடும் காத்திருந்தவைதான். காத்திருப்பு ஒரு நாளில் தீர்ந்துபோயிற்று.

இதை நினைவில் வைத்திராத ஆன்மிகம் கொடுமையாக மாறிவிடும். தாகத்தில் இருப்பவனிடம் போய்ப் பொறுமையைப் போதிப்பது எளிது. மலையில் ஏலம் வளர்ப்பவர்கள் செடிக்குப் போதனை செய்வதில்லை. உதிர்ந்த இலைகளைக் கூட்டி வேரடியில் மூடாக்குப் போடுகிறார்கள். கோடையில் முடிந்த அளவு நீர் பாய்ச்சுகிறார்கள். நிழல் மரங்களை வெட்டாமல் காக்கிறார்கள். இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் 1978 முதல் இயங்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இந்தச் செடிக்காகவே உழைக்கின்றன. பலா மரத்தின் நிழல் விழும் இடத்தில் காற்று சற்றே ஈரமாக இருக்கிறது. அங்கே நிற்கும் ஏலச்செடி அவ்வளவு சீக்கிரம் வாசலைச் சாத்த வேண்டியிருப்பதில்லை. பெரியோர் துணையைச் சான்றோர் வலியுறுத்தியது இதனால்தான் என்று எண்ணுகிறேன். நல்லார் அருகில் இருப்பவன் தன்னோடு ஓயாமல் போராட வேண்டியதில்லை. தன் அடக்கம் தனக்கு. பிறருக்குத் தர வேண்டியது நிழலும் நீரும்.

பிறகு கோடை மழை வரும். சித்திரையில் ஒரு பிற்பகலில் உடும்பன்சோலைப் பக்கம் இடி இறங்கி, நல்ல மழையாகப் பெய்து ஓயும். வேருக்கு நீர் எட்டும். அப்போது இலை தான் சேர்த்து வைத்திருந்த அமிலத்தைத் தானே உடைத்து, வீரியமற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அதற்கென்றே தனி நொதிகள் அதனிடம் உண்டு. வறட்சி கடுமையாக இருந்திருந்தால் துளைகள் உடனே முழுதாகத் திறந்துவிடா. சில நாள் எடுத்துக்கொள்ளும். ஆனால் திறக்கும். காப்புச் செல்கள் மறுபடி விம்மும். இலை மறுபடி உண்ணும். தட்டையின் அடியில் சரம் நீண்டு, பூத்து, காய்பிடிக்கும். அந்தக் காய், காய் உலர்த்தும் கூடமான ஸ்டோரில் உலர்ந்து, போடியிலும் புற்றடியிலும் உள்ள ஏல மையங்களில் விலைபோய், எங்கோ ஒரு வீட்டின் சர்க்கரைப் பொங்கலில் மணக்கும். அந்த மணத்தில் திறந்திருந்த நாட்களும் இருக்கின்றன, மூடியிருந்த நாட்களும் இருக்கின்றன.

நம்மில் பலர் மூடக் கற்றுக்கொண்டு திறக்க மறந்துவிடுகிறோம். ஒரு காலத்தில் நேர்ந்த வறட்சிக்காக, ஒரு துரோகத்துக்காக, ஓர் இழப்புக்காகச் சாத்திய வாசலை, மழை பெய்து வெகுநாள் ஆன பின்னும் சாத்தியே வைத்திருக்கிறோம். அதற்கு வைராக்கியம் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம். செடியின் கணக்கில் அது பட்டினிச் சாவு. மூடுவதற்குப் பயன்பட்ட பொருளைத் தன் கையாலேயே உடைத்துப்போடும் துணிவும் நோன்பின் பகுதிதான். முடிக்கத் தெரியாதவருக்கு விரதம் இருக்கத் தெரியாது.

ஆகவே இன்று இரண்டு காரியம் செய்து பார்க்கலாம். உண்பது, வாங்குவது, பேசுவது, நீர் செலவழிப்பது என்று நாம் தாராளமாக இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, இதன் கடைமடையில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து அறிவோம். அறிந்தபின் நம் மடையைத் தாழ்த்துவது கடினமாக இராது. செய்தி உள்ளே போனால் தடை தானே விலகும். அடுத்ததாக, என்றோ ஒரு கோடையில் நாம் மூடிவைத்த வாசல் ஒன்றின் முன் நின்று, வேருக்கு இப்போது நீர் இருக்கிறதா என்று நேர்மையாகக் கேட்போம். இருக்கிறது என்றால், அந்த வாசலுக்கு வெளியே நாம் நிறுத்திவிட்ட மனிதருக்கு இன்றே போன் செய்து பேசுவோம்.